நம் சேமலாப நிதிக்கு நடுவிலே தரகர் எதற்கு?



இம்முறை இப்பக்கத்தில் நாம் பேசப் போவது காசு விசயம். வேலையை விட்டு நிற்கும்போது கைக்கு வரும் காசு. அந்தக் காசை "எடுத்துத் தாறேன்" என்று சொல்லி லயத்துக்கு வரும் ஆட்களைப் பற்றியும், காசு வங்கியில் விழுந்த பிறகு அவர்கள் கேட்கும் கமிஷனைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

நமது பிரிவிலே நடந்தது

முப்பத்தொரு வருசம் கொழுந்து எடுத்த ஒரு தாய் ஒருநாள் காலை எங்கள் காரியாலய வாசலில் வந்து நின்றார். கையிலே வங்கிப் புத்தகம். முகத்திலே சந்தோசம் இல்லை.

"ஐயா, சேமலாப காசு வந்துருச்சிங்க. ஆனா டவுன்ல இருக்கிற அந்த ஆளு நாலுல ஒரு பங்கு கேக்குறாருங்க. கையெழுத்து வச்சிருக்கே, குடுக்காட்டி கோர்ட்டுக்குப் போவேன்னு சொல்றாருங்க. நா கோர்ட்டு வாசலே மிதிச்சதில்லீங்க" என்று சொன்னார்.

விசாரித்துப் பார்த்தோம். ஒன்பது மாதத்துக்கு முன்னே பைலும் கையுமாக ஒருவர் லயத்துக்கு வந்திருக்கிறார். "உங்க பேரு செக்ரோல்ல ஒரு மாதிரி, ஐடென்டிட்டியில ஒரு மாதிரி. நீங்களா போனா காசு வராது. எனக்கு உள்ளே ஆள் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். முதலில் 5,000 ரூபா வாங்கினார். இரண்டு வெற்றுக் கடதாசியில் கையெழுத்தும் வாங்கினார். வங்கியில் 612,000 ரூபா வந்த மூன்றாம் நாள் அவரே தேடி வந்துவிட்டார். வெற்றுக் கடதாசியில் இப்போது எழுத்து இருந்தது. நூற்றுக்கு 25 வீதம், அதாவது 153,000 ரூபா. அந்தத் தாய் பயந்து போய் 40,000 ரூபாவை உடனே கொடுத்துவிட்டார். மீதிக்குத்தான் கோர்ட்டு மிரட்டல்.

இந்தக் கதையின் முடிவைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டிய சில விசயங்கள் உண்டு.

இது யாருடைய காசு?

வேலையை விட்டு நிற்கும் தொழிலாளிக்கு மூன்று வகைக் காசு உண்டு. மூன்றும் வேறு வேறு. தரகர்கள் இதைக் குழப்பித்தான் பேசுவார்கள்.

முதலாவது ஊழியர் சேமலாப நிதி. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி நடப்பது. நமது சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் பிடிக்கிறார்கள். தோட்டம் தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். 1,000 ரூபா சம்பளத்துக்கு நம்முடைய 80, தோட்டத்தின் 120, ஆக 200 ரூபா நம் பெயரில் சேருகிறது. அதற்கு வருசா வருசம் வட்டியும் சேரும். சில தோட்டங்களில் இந்தக் காசு வேறு சேமலாபச் சங்கங்களுக்குப் போகிறது. உங்கள் காசு எங்கே போகிறது என்பதைச் சம்பளச் சீட்டில் பாருங்கள், இல்லாவிட்டால் பெரிய கிளாக்கரிடம் கேளுங்கள்.

இரண்டாவது ஊழியர் நம்பிக்கை நிதி. இது 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம். இதற்கு நம் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிப்பதில்லை. தோட்டம் 3 வீதம் போடுகிறது. இதற்குத் தனிப் படிவம், தனிக் காரியாலயம். சேமலாபக் காசை எடுத்துவிட்டு இதை மறந்துவிடுகிற ஆட்கள் நிறையப் பேர். வேலையில் இருக்கும்போதே இந்த நிதியில் சில உதவிகளும் உண்டு. இருதய சத்திரசிகிச்சை, கண்ணுக்கு வில்லை வைப்பது, ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைக்குக் கொடுப்பனவு என்று அவை உள்ளன.

மூன்றாவது சேவைக்காலப் பணம், அதாவது பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருசம் முழுசாக வேலை செய்தவருக்கு இது உரிமை. நாட் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில் கணக்குப் பார்க்க வேண்டும். வேலையை விட்டு 30 நாளுக்குள் தோட்டம் இதைக் கொடுக்க வேண்டும்.

இந்த மூன்றிலும் யாருடைய தயவும் இல்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று நாம் சேர்த்த காசு. விண்ணப்பத்தைப் பாரம் எடுக்கும் காரியாலயம் இதற்குக் கட்டணம் அறவிடுவதில்லை. "உள்ளே கொடுக்கணும்" என்று யாராவது சொன்னால் அது பொய், அல்லது லஞ்சம். இரண்டுக்கும் நாம் துணை போகக் கூடாது.

கமிஷன் என்றால் எத்தனை நாள் கொழுந்து?

நூற்றுக்கு 20 என்று காதில் கேட்கும்போது சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்குச் சுலபமாக இருக்க நாள் சம்பளம் 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 30 வருசம் வேலை செய்தவருக்கு 30 தரம் 14, அதாவது 420 நாள் சம்பளம். ஆக 420,000 ரூபா. இதில் 20 வீதம் 84,000 ரூபா. அதாவது 84 நாள் சம்பளம். ஞாயிறையும் கழித்துப் பார்த்தால் மூன்று மாதத்துக்கு மேலே கூடை சுமந்த உழைப்பு. படிவம் ஒன்றை நிரப்பி பஸ்ஸில் இரண்டு தரம் போய் வந்த ஆளுக்கு இத்தனையா? உங்கள் சொந்தச் சம்பளத்தை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு விசயம். சேவைக்காலப் பணம் பிந்தினால் தோட்டம் மேலதிகமாகக் கட்ட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஒரு மாதம் வரை பிந்தினால் 10 வீதம், மூன்று மாதம் வரை 15, ஆறு மாதம் வரை 20, ஒரு வருசம் வரை 25, ஒரு வருசத்துக்கு மேலே 30 வீதம். மேலே சொன்ன 420,000 ரூபா ஒரு வருசத்துக்கு மேலே பிந்தினால் இன்னொரு 126,000 ரூபா தொழிலாளிக்குச் சேர வேண்டும். இது தெரிந்த தரகர் "நான் பேசி கூட வாங்கிக் கொடுத்தேன்" என்று அதிலும் பங்கு கேட்பார். அவர் பேசி வந்த காசு இல்லை அது. சட்டத்திலே எழுதியிருக்கிற காசு.

ஏன் தரகரிடம் போகிறோம்?

போகிறவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. காரணம் இருக்கிறது.

பெயர்ச் சிக்கல் முதற் காரணம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதின பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து. ஆங்கிலத்தில் எழுதி, சிங்களத்தில் மாற்றி, திரும்பத் தமிழுக்கு வரும்போது ராமாயி ரமாயி ஆகிவிடுகிறார். வேலைக்குப் பதிகிற காலத்தில் பலருக்கு அடையாள அட்டையே இல்லை. பிரஜாவுரிமை இல்லாமல் இருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் வழி பிறந்தது. அந்தக் காலத்துப் பதிவுகளின் குறைதான் இன்றைக்கு ஓய்வு பெறுகிறவர்கள் தலையில் விழுகிறது.

இரண்டாவது, டவுனுக்குப் போய் வந்தால் ஒரு பேர் போய்விடும். "இன்னைக்கு வா, நாளைக்கு வா" என்றால் மூன்று பேர் போய்விடும். மூன்றாவது, மொழிப் பயம். காரியாலயத்தில் என்ன கேட்பார்களோ என்ற கூச்சம்.

நான்காவது காரணம் நாங்கள். ஓய்வு பெறுகிறவர் வீட்டுக்கு நலன்புரி உத்தியோகத்தர்களாகிய நாங்கள் முதலில் போயிருந்தால் தரகர் போயிருக்க மாட்டார். அந்தத் தாயின் விசயத்தில் நாங்கள் பிந்திவிட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நாமே எடுப்பது எப்படி?

வேலையை விட்ட பிறகு ஓடுவதைவிட, ஓய்வுக்கு இரண்டு வருசம் இருக்கும்போதே ஆரம்பிப்பது நல்லது.

1. கடதாசிகளை ஒன்றாக வையுங்கள். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் (இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ்), அங்கத்துவ இலக்கம் உள்ள பி கார்டு, கடைசிச் சம்பளச் சீட்டுகள், உங்கள் சொந்தப் பெயரில் உள்ள வங்கிப் புத்தகம். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அடுப்படிப் புகையும் மழை ஒழுக்கும் படாத இடத்தில் வையுங்கள்.

2. பெயரைச் சரிபாருங்கள். எல்லாக் கடதாசியிலும் பெயரும் பிறந்த திகதியும் ஒரே மாதிரியா? வித்தியாசம் இருந்தால் இப்போதே தோட்டக் காரியாலயத்தில் சொல்லுங்கள். "இந்த இரண்டு பெயரும் ஒருவரே" என்று தோட்டத்திலிருந்தும் கிராம உத்தியோகத்தரிடமிருந்தும் கடிதம் எடுக்கலாம். தேவைப்பட்டால் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடிக்கலாம். தரகர் செய்வதும் இதைத்தான்.

3. பின்னுரித்தாளியைப் பாருங்கள். நமக்கு ஏதும் நடந்தால் காசு யாருக்குப் போக வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்திருப்போம். கல்யாணத்துக்கு முன்னே அம்மா பெயரைப் போட்டவர்கள் இன்னமும் மாற்றாமல் இருக்கிறார்கள். அம்மா காலமாகி இருபது வருசம் ஆகியிருக்கும்.

4. படிவம். சேமலாப நிதிக்கு கே படிவம். அங்கத்தவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு எல் படிவம். தோட்டம் உறுதிப்படுத்த வேண்டிய பகுதியைத் துரையின் கையெழுத்தோடு வாங்கி, உங்கள் பகுதிக்குரிய தொழில் காரியாலயத்தில் கொடுக்க வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையிலிருந்து விலகி இந்தக் காசைக் கேட்கலாம். காசு நேரே உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். யார் கை வழியாகவும் வராது.

5. கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். படிவத்தின் பிரதியில் முத்திரையும் திகதியும் அடித்து வாங்குங்கள். பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தரம் போகும்போது அந்த இலக்கம்தான் வாய் பேசும்.

6. தமிழிலேயே கேளுங்கள். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. தமிழில் படிவம் கேட்பதும் தமிழில் எழுதிக் கொடுப்பதும் உரிமை. கூச்சமாக இருந்தால் படித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வேலையில் இருக்கும்போதே 30 வீதம்

இப்போது தரகர்கள் அதிகம் பிடிப்பது இன்னமும் வேலையில் இருக்கிறவர்களைத்தான். 2012 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் திருத்தச் சட்டப்படி வீட்டுத் தேவைக்கோ வைத்தியத்துக்கோ கணக்கில் உள்ளதில் 30 வீதம் வரை முன்னதாக எடுக்கலாம். ஆனால் 10 வருசமாவது காசு கட்டியிருக்க வேண்டும். கணக்கில் 300,000 ரூபாவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 20 இலட்சத்துக்கு மேலே கிடைக்காது.

"எதற்கு வேணுமானாலும் எடுத்துத் தாறேன், பில்லு நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுகிற ஆள் நம் பெயரில் பொய்க் கடதாசி கொடுக்கிறார் என்று அர்த்தம். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்து வைத்தவர். இன்னொன்றையும் யோசியுங்கள். இன்றைக்கு எடுக்கிற காசு ஓய்வு நாளில் இருக்காது, அதன் வட்டியும் இருக்காது. கூரை ஒழுகினால் எடுங்கள். வியாதிக்கு எடுங்கள். கல்யாண வீட்டுக் கடனுக்காகத் தரகருக்கும் பங்கு கொடுத்து எடுப்பது புத்தி இல்லை.

ஏற்கெனவே கையெழுத்து வைத்திருந்தால்?

இதுதான் பலரும் எங்களிடம் ரகசியமாகக் கேட்பது. "வாக்குக் குடுத்திட்டோம் ஐயா, குடுக்காட்டி பாவம் இல்லையா?"

நேராகவே சொல்கிறோம். ஒருவர் உண்மையில் நமக்காக வேலை செய்திருந்தால், முன்கூட்டியே சொன்ன நியாயமான கூலியைக் கொடுப்பதுதான் முறை. டவுனில் பெட்டிஷன் எழுதுகிறவர், டைப் அடிக்கிறவர், போட்டோ பிரதி எடுக்கிறவர் எல்லாரும் கூலி வாங்குகிறார்கள். அது தப்பில்லை. காசு வந்த பிறகு "நான் சும்மா கையெழுத்து வச்சேன்" என்று சொல்லி எல்லாவற்றையும் தட்டிக் கழிக்கவும் முடியாது. தெரிந்து வைத்த கையெழுத்துக்கு மதிப்பு உண்டு.

ஆனால் வெற்றுக் கடதாசியில் வாங்கிப் பிறகு தொகை எழுதினது வேறு விசயம். செய்யாத வேலைக்குக் கேட்பதும் வேறு விசயம். ஆகவே மிரட்டலுக்குப் பயந்து காசை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆளைக் கண்டு ஒளியவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள்.

என்ன பேசினோம்? அந்தக் கடதாசியின் பிரதி ஒன்றைத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அதையே குறித்து வையுங்கள்.

என்ன செய்தார்? படிவத்தை நிரப்பினது யார், கொடுத்தது யார் என்று தொழில் காரியாலயத்திலும் தோட்டக் காரியாலயத்திலும் விசாரிக்கலாம்.

இதுவரை எவ்வளவு கொடுத்தோம்? முதலில் கொடுத்தது, பஸ் காசு, சாப்பாட்டுக் காசு எல்லாவற்றையும் திகதியோடு எழுதுங்கள். இனிமேல் ஒரு ரூபா கொடுத்தாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி ஏற்படுத்தியது. அங்கே வக்கீல் தேவையில்லை. இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். சட்ட விளக்கம் வேண்டுமானால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வசதியில்லாதவர்களுக்கு உதவத்தான் 1978 இல் அதற்குச் சட்டம் போட்டார்கள். வங்கி அட்டையை எடுத்துக்கொண்டு போனாலோ, வீட்டுக்கு வந்து மிரட்டினாலோ அது பொலிசுக்குப் போக வேண்டிய விசயம்.

வங்கி அட்டை பற்றி ஒரு வார்த்தை. சில தரகர்கள் "காசு வந்தா பார்க்கணும்" என்று ஏ.டி.எம். கார்டையும் ரகசிய இலக்கத்தையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அது வீட்டுச் சாவியைக் கள்ளன் கையில் கொடுத்த மாதிரி. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போய் அந்தக் கார்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

வெள்ளைக்காரன் நாட்டிலும்

இது படிக்காத சனத்துக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். பிரித்தானியாவில் வங்கிகள் கடன் வாங்கியவர்களுக்குத் தேவையில்லாத காப்புறுதியைச் சேர்த்து விற்றன. பிறகு அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. வங்கிக்கு நேரே எழுதினால் ஒரு சதமும் செலவில்லாமல் கேட்டிருக்கலாம். அப்படியிருந்தும் இலட்சக்கணக்கானோர் "வாங்கித் தருகிறோம்" என்ற கம்பனிகளிடம் கையெழுத்து வைத்தார்கள். காசு வந்ததும் கம்பனிகளின் பில்லும் வந்தது. காசை வங்கி பழைய கடனில் கழித்துவிட்டதால் கையில் ஒன்றும் வராமலே கம்பனிக்குக் கடன்பட்டவர்களும் உண்டு. கடைசியில் அந்த நாட்டுப் பாராளுமன்றம் 2018 இல் சட்டம் போட்டு, அந்தக் காப்புறுதிக் காசில் 20 வீதமும் வரியும் தவிர அதற்கு மேலே கேட்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. படித்த நாட்டிலேயே அப்படி என்றால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா?

அந்தத் தாயின் கதை

தொழில் காரியாலயத்துக்கு அந்தத் தாயோடு நாங்களும் போனோம். பதிவைப் பார்த்தபோது விசயம் வெளியே வந்தது. படிவத்தை நிரப்பியது நம் தோட்டக் கிளாக்கர். பெயர் வித்தியாசத்துக்குக் கடிதம் கொடுத்ததும் தோட்டம். அனுப்பியதும் தோட்டம். அந்த மனிதர் நடுவிலே வந்து "எப்போ வரும்" என்று இரண்டு தரம் விசாரித்திருக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த வேலை.

விசயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. மீதி 113,000 ரூபாவை இனிக் கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்தார். வாங்கின 40,000 இல் 25,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தார். மிச்சம் 15,000 ரூபாவும் முதலில் கொடுத்த 5,000 ரூபாவும் வரவில்லை. அதற்காக இன்னும் ஓட அந்தத் தாய்க்கு விருப்பம் இல்லை. "போவட்டும் ஐயா, இனிமே யாரும் ஏமாறாம இருந்தா போதும்" என்றார். அவர் சம்மதத்தோடுதான் பெயர் இல்லாமல் இதை எழுதுகிறோம். வந்த காசில் லயத்துக் கூரைக்குத் தகரம் மாற்றியிருக்கிறார்.

மறக்காமல் இருக்க

வெற்றுக் கடதாசியில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

அடையாள அட்டை, பி கார்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் மூலப்பிரதியை வெளியாளிடம் விட்டுவிடாதீர்கள். பிரதி மட்டும் கொடுங்கள்.

வங்கி அட்டையின் ரகசிய இலக்கத்தைச் சொந்தப் பிள்ளைக்குக் கூட யோசித்துச் சொல்லுங்கள்.

மூன்று காசையும் தனித்தனியாகக் கேளுங்கள்: சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம்.

இந்த வருசமோ அடுத்த வருசமோ ஓய்வு பெற இருக்கிறவர்கள் சம்பள நாளுக்கு மறுநாள் பிள்ளைக் காம்பராவுக்கு வாருங்கள். கடதாசிகளை எடுத்து வாருங்கள். நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, பெயர் பிழை இருந்தால் அன்றைக்கே கடிதத்துக்கு எழுதிக் கொடுக்கிறோம். கால் வலியால் வர முடியாத பெரியவர்கள் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள், லயத்துக்கே வருகிறோம். இம்முறை தரகருக்கு முன்னே நாங்கள் வருவோம்.